வெள்ளிக்கிழமை வட்டி

மொக்கையன் ஜனகராஜுக்குக் கொடுக்க வேண்டியது இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு. அதற்குப் பத்திரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நின்றவாக்கில், சாயம் ஏறிய ஒரு கையிலிருந்து சிமெண்டு ஏறிய ஒரு கைக்கு மாறிய காசு அது.

எமர்ஜென்சி முடிந்த மறு வருடம். மொக்கையனுக்குக் காளவாசலில் ஒரு சிமெண்டுக் கிட்டங்கியில் மூட்டை இறக்குகிற வேலை. வீடு நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கம், மலையடிவாரத்தில். பெண்டாட்டி அன்னக்கொடிக்கு வலது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி வந்தது. எலுமிச்சங்காய் அளவு ஆகிறவரைக்கும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. புருஷனிடமே சொல்லவில்லை. சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள், எடுத்துவிட வேண்டும் என்று.

எடுத்த அன்றைக்கு ரத்தம் வேண்டும், வெளியில் வாங்க வேண்டிய ஊசி வேண்டும் என்றார்கள். மொக்கையன் மடியைத் தடவிக்கொண்டு தூணோரம் நின்றான். பக்கத்துக் கட்டிலில் பத்மாசினி என்று ஒரு அம்மாள். அவளுக்கும் அதே நோய், இடது பக்கம். நாலு நாள் முந்தி எடுத்திருந்தார்கள். அவள் புருஷன்தான் ஜனகராஜ். சௌராஷ்டிரக்காரர், மகால் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. விரலெல்லாம் மணிக்கட்டு வரை சிவப்பு.

"மொதல்ல ரத்தத்த ஏத்துங்கண்ணே. காசு எங்க ஓடிப்போகுது" என்றார். அவர் பெண்டாட்டிக்கு என்று சேர்த்து வைத்த காசுதான் அது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த பிறகு அன்னக்கொடிக்குப் புண் ஆறியது. கரண்டு என்று சொல்லிக் கதிர் பாய்ச்சியதில் தோல் கறுத்து உரிந்து அதுவும் ஆறியது. அன்னக்கொடிதான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள், படுத்தபடியே இருந்தாள். கஞ்சி கொடுத்தால் குடித்தாள். கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். வலது கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, யாரோ பிடுங்க வருகிற மாதிரி இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கையைத் தூக்கித் தூக்கிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் வீங்கிப்போகும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தலை வாரக்கூட அந்தக் கை மேலே போகவில்லை. மொக்கையன்தான் வாரிவிட்டான். மூட்டை தூக்குகிற கைக்குச் சிக்கு எடுக்க வருமா? பாதி முடி சீப்போடு வந்தது. வலிக்கிறது என்றுகூட அவள் சொல்லவில்லை.

அவன் அக்கா தங்கப்பொண்ணு பக்கத்துத் தெருவிலிருந்து வந்து ஓர் அலுமினியத் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

"இதுல தனியாப் போட்டுக் குடு. எச்சில்ல ஒட்டும்டா இந்த நோவு."

"ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாகக்கா."

"நாளைக்கு நீ படுத்தா ஒங்க டாக்டரம்மாவா வந்து மூட்ட தூக்கப்போறா? சொன்னதக் கேளு."

சுவர்ப்பக்கம் இருந்த அன்னக்கொடிக்கு இது கேட்காமல் இருக்காது. மறுநாளிலிருந்து அவளே அந்தத் தட்டை எடுத்துக்கொண்டாள். மொக்கையன் அதைப் பிடுங்கி வீசியிருக்கலாம். வீசவில்லை. அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது என்பதுதான் நிசம்.

கூலி வாங்கிய முதல் வெள்ளிக்கிழமை, மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு மகால் பக்கம் சந்துக்குள் இருந்த ஜனகராஜ் வீட்டுக்குப் போனான். ஒற்றை அறையும் ஒரு சின்ன முற்றமும். பத்மாசினி கீழே உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆளை அடையாளம் கண்டதும் எழுந்தாள்.

"வாங்க தம்பி. அன்னம் எப்படி இருக்கா?"

"சாப்பிடுறா. தூங்குறா. பேசமாட்டேங்குறா தாயி."

"அழுதாளா?"

"இல்ல."

"ஒரு தடவகூடவா?"

"இல்லங்குறேன்ல."

அவன் நீட்டிய காசை அவள் வாங்கவில்லை. முடிச்சு நூலைப் பல்லால் அறுத்தாள்.

"ஒங்க கையால நான் வாங்க மாட்டேன். ஏறுன ரத்தம் அவளுக்குத்தான? கடனும் அவளுதுதான். வாராவாரம் அவ வந்து குடுத்தா வரவு. நீங்க குடுத்தா வரவு கெடையாதுன்னு போய்ச் சொல்லுங்க."

இதென்ன கூத்து என்று நினைத்தபடி வந்து பெண்டாட்டியிடம் சொன்னான். வேறு என்ன சொல்லியிருந்தாலும் அன்னக்கொடி அசைந்திருக்க மாட்டாள். கடன் என்ற சொல் அசைத்தது. அடுத்தவர் காசு மடியில் கனக்கிற சனம் அது. அடுத்த வெள்ளிக்கிழமை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவன் பின்னால் பஸ் ஏறினாள். பாண்டியன் பஸ்ஸில் பெண்கள் பக்கத்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை. ஒரு பக்கம் மட்டும் குடம் சுமக்கிறவள் மாதிரி சாய்ந்தே நின்றாள். கனம் போன பக்கம் உடம்பு மேலே ஏறிக்கொள்ளும் என்று மூட்டைக்காரனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பத்மாசினி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மொக்கையனும் ஜனகராஜும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு பத்மாசினியின் குரல் கேட்டது.

"வெக்கப்படாம காட்டுடி. நான் காட்டல? ஒனக்கு நேராத் தச்சிருக்காங்க. எனக்குப் பாரு, கோணி தச்ச மாதிரி."

அப்புறம் மறுபடியும் அவள் குரல்தான்:

"நானும் ரவிக்கைக்குள்ள பஞ்ச வச்சுத் தச்சுப் பாத்தேன். பஸ்ஸு குலுங்கக் குலுங்க அது மேல ஏறிக் கழுத்துக்கிட்ட வந்து உக்காந்துக்கிச்சு. கண்டக்டரு அதப் பாத்துட்டு டிக்கெட்டுக்கூடக் கேக்காமப் போயிட்டான்."

அன்னக்கொடி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மொக்கையன் கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தான்.

"பஞ்சுக்கு ஏதுக்கா கனம்? கம்பு வையிங்க. தாந்து நிக்கும்."

"கம்பா? வேர்வைல மொளச்சிரும்டி!"

"வறுத்துட்டு வச்சா எப்படிக்கா மொளைக்கும்?"

இருவரும் சிரித்தார்கள். ஜனகராஜ் தன் சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே, "ஆஸ்பத்திரிலேருந்து வந்து இன்னிக்குத்தாண்ணே இவளும் சிரிக்கிறா" என்றார். அப்போதுதான் மொக்கையனுக்கு உறைத்தது. இந்த ஏற்பாடு அன்னக்கொடிக்காக மட்டும் இல்லை.

அப்படி ஆரம்பித்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அன்னக்கொடி வறுத்த கம்போ, முருங்கைக்கீரையோ முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். ஒரு மாதத்துக்குப் பிறகு தனியாகவே போக ஆரம்பித்தாள். பத்மாசினி மல் துணியில் பை தைத்து, கம்பை இட்டு, மார்ப்பக்கம் வைத்துத் தைத்த ரவிக்கை இரண்டு கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது பின்னால் வந்த மொக்கையன் பார்த்தான், தோள் இரண்டும் மட்டமாக இருந்தன.

காசு கொடுப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள் பத்மாசினி. கையில் வாங்க மாட்டாள். வலது கையின் விரல்களைச் சுவரில் பல்லி ஏறுகிற மாதிரி ஏற்றி ஏற்றி, எட்டுகிற இடம் வரை கொண்டுபோக வேண்டும். அந்த இடத்தில் ஜனகராஜின் பட்டறைச் சிவப்பைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பாள். மேலே ஒரு மரப்பலகை இருந்தது. என்றைக்குப் பொட்டு பலகையைத் தொடுகிறதோ அன்றிலிருந்து காசைப் பலகை மேல் வைக்கலாம், அதுவரை அடுப்பு மேட்டில் வைத்துவிட்டுப் போ என்பாள். சுவரில் இரண்டு வரிசை. ஒன்று அன்னக்கொடியுடையது, ஒன்று பத்மாசினியுடையது.

"ஒங்களுதுதாங்கா இந்த வாரம் கீழ எறங்கிருச்சு."

"எனக்கு வயசாகலையா? நீ குமரி, ஏறு."

வீட்டில் அன்னக்கொடி தலையைத் தானே வாரினாள். அலுமினியத் தட்டை ஆட்டுக்குட்டிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டாள். தங்கப்பொண்ணு கேட்டதற்கு, "அதுக்கு ஒட்டாது மதினி, ஒங்களுக்குத்தான் பயம்" என்றாள். மொக்கையன் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டான்.

கெடுத்ததும் அவன்தான்.

ஐப்பசி மாதம். கிட்டங்கியில் லாரிக்குக் காத்திருந்தபோது கூட வேலை பார்க்கிற சிவனாண்டி வாயைக் கொடுத்தான்.

"ஏன் மாப்ள, பொண்டாட்டிய வாராவாரம் டவுனுக்குக் கடன் கட்ட அனுப்புறியாம்ல?"

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்லப்பா. வாங்குனவன் ஆம்பள, கட்டுறவ பொம்பள. நம்மூர்ல இப்படிக் கண்டதில்ல, அதான் கேட்டேன்."

நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இரண்டு மூட்டையை ஒன்றாக ஏற்றிய மாதிரி பிடரியில் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் கிட்டங்கியில் தீபாவளிப் பணம் கொடுத்தார்கள். கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டிருந்த கிடாயையும் விற்றான். சாமி பொறுத்துக்கொள்ளும், சிவனாண்டி பொறுக்க மாட்டான். மிச்சக் கடன் அம்புட்டையும் துண்டில் முடிந்துகொண்டு, வீட்டுக்குப் போகாமல், நேரே சாயப்பட்டறைக்குப் போனான். ஜனகராஜ் கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எண்ணிக்கங்கண்ணே. இத்தோட தீந்துச்சு."

"இப்ப எதுக்குண்ணே அவசரம்..." என்று இழுத்தவர், துணியைப் புரட்டிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். "நெசத்தச் சொல்லணும்னா தெய்வமாப் பாத்து அனுப்பிருக்கு. அவளுக்கு நாலு நாளா இடுப்ப அசைக்க முடியல. எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்றாங்க."

ஆண்கள் இரண்டு பேரும் கணக்கை முடித்தார்கள். வீட்டில் இருந்த பெண்கள் இரண்டு பேரையும் கேட்கவில்லை.

இடுப்பு வலி என்றுதானே சொன்னார், யாருக்குத்தான் இடுப்பு வலிக்கவில்லை என்று மொக்கையன் அதை வீட்டில் சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அன்னக்கொடி குளித்து, கம்பு ரவிக்கையைப் போட்டு, துண்டுப் பூவும் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் பெரிய வரம் கொடுக்கிறவன் மாதிரி சொன்னான்.

"இனி நீ அலைய வேண்டாம். கடன மொத்தமாக் கட்டிட்டேன்."

அவள் கை முந்தானை முடிச்சுக்குப் போனது.

"யாரக் கேட்டுக் கட்டுனீங்க?"

"ஆருகிட்டக் கேக்கணும்? கடன் தீந்தா நல்லதுதான?"

"இனி நான் என்னன்னு சொல்லிக்கிட்டு அந்த வீட்டுக்குப் போவேன்?"

"சும்மா போயிட்டு வா. ஆரு வேண்டாங்குறா?"

"சும்மா போக அவுக எனக்கு என்ன ஒறவா, ஒட்டா? எனக்கு ஆறுதல் சொல்லுங்கன்னு போய் மடியேந்திக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

பூவை எடுத்து மாடத்தில் வைத்தாள். போய்ப் படுத்தாள், சுவரைப் பார்த்து.

அதன் பிறகு கை மறுபடி இடுப்போடு ஒட்டிக்கொண்டது. கார்த்திகை பாதியில் முழங்கைக்குக் கீழே வீங்கி, வளையல் இறுகி, அறுத்து எடுக்க வேண்டிவந்தது. மொக்கையன் கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான், சுவரில் அவனே சுண்ணாம்புப் பொட்டு வைத்துக்கூடக் காட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு மறுபடியும் பட்டறைக்குப் போனான்.

"அண்ணே, நான் கட்டுன காசத் திருப்பிக் குடுங்கண்ணே. நான் பழையபடி கடன்காரனாவே இருந்துக்கிறேன்."

ஜனகராஜ் சிரிக்கவில்லை. அண்டாவை விட்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"காசு இல்லண்ணே. படத்துக்கும் மருந்துக்கும் போயிருச்சு. முதுகெலும்புக்கு எறங்கிருச்சாம். இனி வைத்தியம் கெடையாதுன்னுட்டாங்க." இன்னொன்றும் சொன்னார்: "ஒங்ககிட்டக் காசு வாங்குனேன்னு தெரிஞ்ச அன்னிக்கு அவ எங்கூடப் பேசல. ரெண்டு நாள் சாப்பிடல. வெள்ளிக்கிழமைன்னா வாசலப் பாத்துக்கிட்டே கெடக்கா."

காளவாசல் வரை மொக்கையன் நடந்தே வந்தான். பஸ் வந்தது, ஏறத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். சுவர்ப் பக்கமிருந்து அன்னக்கொடி எழுந்தாள். ரவிக்கையை எடுத்தாள். வீங்கிய கை உள்ளே நுழையவில்லை. கைத் தையலைக் கம்புப் பை ஓரம் வரை பல்லால் பிரித்து நுழைத்தாள்.

பத்மாசினி பாயில் கிடந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். அன்னக்கொடியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதான் கடன மொத்தமாக் கட்டிட்டீங்கள்ல. இன்னும் என்ன?"

அன்னக்கொடி முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று ரூபாயை எடுத்தாள்.

"அவரு முதலத்தான் கட்டிருக்காருக்கா. வட்டி ஆரு கட்டுறது?"

பத்மாசினி திரும்பிப் பார்த்தாள்.

"வட்டியா? வட்டி பேசவே இல்லையேடி."

"நீங்க பேசல. நாங்க வட்டியில்லாம வாங்குற சனமா? அப்படித் தட்டுக்கெட்ட குடும்பத்துல நான் வாக்கப்படல."

வாசலில் நின்ற மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டான். பத்மாசினிக்குச் சிரிப்பு வந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. வலியோடு சிரித்து, "எத்தன நாளைக்கு வட்டி?" என்றாள்.

"தீர்ற வரைக்கும்."

அந்த வட்டி மார்கழி, தை என்று ஓடியது. காசு மூன்று ரூபாய்தான். அதோடு அன்னக்கொடி அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்தாள், ஒரு பக்கமாகப் புரட்டிப் போட்டு முதுகு துடைத்தாள், கேழ்வரகுக் கூழை வடிகட்டிக் கரண்டியால் ஊட்டினாள். வெள்ளிக்கிழமை போதாமல் செவ்வாய்க்கிழமையும் போனாள். தேய்த்துத் தேய்த்தே அன்னக்கொடியின் கை வீக்கம் வடிந்தது. சுவரில் பொட்டு ஏறிக்கொண்டிருந்தது. பத்மாசினியால் எழ முடியாததால் ஜனகராஜ் வைத்தார். இரண்டாவது வரிசையில் பொட்டு நின்றுபோய் வெகுநாளாகியிருந்தது.

மாசி பிறந்து வந்த வெள்ளிக்கிழமை அன்னக்கொடியின் விரல் பலகையைத் தொட்டது. காசை மேலே வைத்தாள். கையைக் கீழே இறக்காமல் அப்படியே நின்று காட்டினாள்.

"எட்டிருச்சுக்கா!"

பத்மாசினி பாயில் கிடந்தபடி நிமிர்ந்து பார்த்தாள். "இனி அதுக்கு மேல எங்க வீட்டுல சுவரு இல்லடி" என்றாள். பிறகு, "அன்னம், எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அன்னக்கொடி பயப்படாதீங்க என்று சொல்லவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டாள். எனக்கும்தாங்கா என்று மட்டும் சொன்னாள். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். அழைத்துப் போக வந்த மொக்கையன் வாசலிலேயே நின்று கொண்டான்.

புதன்கிழமை காலையில் கிட்டங்கிக்குப் போன் வந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சந்து நிறையச் சனம். பத்மாசினியை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த உறவுப் பெண்கள் தங்கள் பேச்சில் மெல்ல அழுதுகொண்டிருந்தார்கள். அன்னக்கொடி நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு தன் ஊர் வழக்கப்படி, வலது கையையும் இடது கையையும் தலைக்கு மேல் தூக்கி, "என்னப் பெத்த அக்கா" என்று கத்திக்கொண்டு மார்பில் அறைந்தாள்.

அந்த வலது பக்கத்தை அவள் குளிக்கும்போதுகூடத் தொட்டு மொக்கையன் பார்த்ததில்லை. துணியால் ஒற்றுவாள், அவ்வளவுதான். இப்போது மாறி மாறி அறைந்தாள். ஆஸ்பத்திரியில் அழாத அழுகை, தட்டு மாறிய அன்று அழாத அழுகை எல்லாம் தொண்டை கிழிய வந்தது. நாலாவது அடியிலோ ஐந்தாவது அடியிலோ, பல்லால் பிரித்த பிறகு பத்மாசினி படுத்தபடியே மறுபடி தைத்துக் கொடுத்த தையல் விட்டுப்போனது. ரவிக்கைக்குள் இருந்து கம்பு பொலபொலவென்று கொட்டியது. சேலை மடிப்பில் வழிந்து தரையில் சிதறி, பாய் வரை ஓடியது.

பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு ஒன்றும் விளங்காமல் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து அவள் மேல் துணியைப் போர்த்த வந்தாள். அன்னக்கொடி அதைத் தள்ளிவிட்டாள். ஒரு பக்கம் தட்டையாக, எல்லோரும் பார்க்க, அறைந்து அறைந்து அழுதாள். நிறுத்தச் சொல்லி மொக்கையன் போகவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவனும் அழுதான்.

எடுத்துக்கொண்டு போய், சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது பொழுது மேற்கே இறங்கிவிட்டது. வீடு கழுவியிருந்தார்கள். ஓரங்களில் இன்னும் கம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈர வேட்டியோடு வந்த ஜனகராஜுக்கு முன்னால் அன்னக்கொடி எழுந்து நின்றாள். முடிச்சை அவிழ்த்து மூன்று ரூபாயை எடுத்தாள். கை தானாகப் பலகைக்கு ஏறியது.

"இந்த வாரத்து வட்டிண்ணே."

"வேண்டாம்மா."

"எடுத்துக்கங்கண்ணே. தீரலல்ல."

"நேத்து ராத்திரி சொல்லிட்டா." அவர் மொக்கையனை ஒரு தடவை பார்த்துவிட்டு, அன்னக்கொடியைப் பார்த்துச் சொன்னார். "அன்னம் காசோட வருவா, வாங்காதீங்கன்னா. போன தடவ ரெண்டு பேரும் எங்களக் கேக்காம முடிச்சீங்க, இந்தத் தடவ நான் முடிக்கிறேன்னா. வட்டிய மொத்தமாத் தள்ளிட்டேன்னு சொல்லச் சொன்னா."

பலகையைத் தொட்ட கை அங்கேயே நின்றது. மொக்கையன் குறுக்கிடவில்லை. இது அவன் கணக்கு இல்லை. அவள் கையை இறக்கி, மூன்று ரூபாயையும் முந்தானையில் திரும்ப முடிந்துகொண்டாள்.

"தள்ளிட்டாகன்னா சரிண்ணே" என்றாள். "நான் வாரேன்."